விட்பியில் ஹாலிடே லெட்டா, லீட்ஸ் பக்கம் நீண்டகால வாடகையா? கடைசியில் எது மிஞ்சும்?

லீட்ஸ்வாசி கேட்கிறார்:

வணக்கம். நானும் மனைவியும் லீட்ஸில் இருக்கிறோம். இருக்கிற வீடு சொந்த வீடு. கையில் கொஞ்சம் சேமிப்பு சேர்ந்ததும், இரண்டாவதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று பேச ஆரம்பித்தோம். இப்போது தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான்.

இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டுமே ஏறக்குறைய 220,000 பவுண்ட்.

ஒன்று லீட்ஸை ஒட்டிய பட்ஸியில், இரண்டு படுக்கையறை டெரஸ் வீடு. மாதம் 1,050 வாடகை தாராளமாக வரும் என்கிறார் லெட்டிங் ஏஜென்ட். வருஷத்துக்கு 12,600.

இன்னொன்று கடற்கரை ஊரான விட்பியில், சர்ச் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்துக்குள் பழைய காட்டேஜ். அதிலும் இரண்டு படுக்கையறைதான். ஹாலிடே லெட் (விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இரவுக்கணக்கில் விடுவது) நடத்தும் நிறுவனம் ஒன்று வருஷத்துக்கு 28,000 எடுக்கலாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறது.

எதை வாங்கினாலும் 25 சதவீதம் கையிலிருந்து போடுவோம். மீதி 165,000-க்கு வட்டி மட்டும் கட்டும் மார்ட்கேஜ். பட்ஸி வீட்டுக்கு 5 சதவீதம் சொல்கிறார்கள், ஹாலிடே லெட்டுக்கு 5.5. நான் 40 சதவீத வரிக்குள் வந்துவிட்டேன். மனைவி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், இப்போதைக்கு அவளுக்கு வருமானம் இல்லை.

28,000 எங்கே, 12,600 எங்கே! இரண்டு மடங்குக்கும் மேலே. ஆனால் இவ்வளவு சுலபம் என்றால் எல்லோரும் அதைத்தானே செய்வார்கள் என்று மனைவி கேட்கிறாள். இரண்டில் ஒன்றையாவது நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கிழக்குக்கரை:

தம்பி, உங்கட மனிசி கேட்டதுதான் சரியான கேள்வி. முதல்ல அந்த 28,000 எண்ட எண்ணை ஒரு பக்கம் வையுங்கோ. அது விருந்தாளி கட்டுற காசு. உங்கட கைக்கு வாற காசு வேற.

நான் ஸ்காபரோ பக்கம் இருக்கிறன். விட்பியில ஒரு காட்டேஜைப் பல வருசமா விடுமுறை ஆக்களுக்கு விட்டு நானே பாத்துக்கொள்ளுறன். ஹல்லில ஒரு சின்ன வீட்டில ஒரு குடும்பம் நிரந்தரமா இருக்கினம். ரெண்டுக்கும் கணக்குக் கொப்பி என்ர கையாலதான் எழுதுறன். அதால உங்கட எண்ணுகளை அதே மாதிரி எழுதிப் பாத்தன்.

விட்பி காட்டேஜ், நிறுவனம் சொன்ன 28,000 அப்பிடியே வந்தது எண்டு வைப்பம்.

கமிஷன் 20 வீதம் எண்டு போட்டிருப்பினம். அந்தக் கமிஷனுக்கு மேல வாட் 20 வீதம் இருக்கு, ஆக மொத்தம் 24. 6,720 அதிலயே போச்சு.

28,000 வரவேணும் எண்டா இரவுக்கு 140 படி 200 இரவு நிரம்பவேணும். ஒரு குடும்பம் சராசரி நாலு இரவு தங்கினால் வருசத்தில 50 தரம் ஆள் மாறும். ஒவ்வொரு தரமும் துப்புரவு, படுக்கை விரிப்பு, துவாய்ச் சலவை எல்லாம் சேர்த்து 85 எண்டு போடுங்கோ. 4,250.

மின்சாரம், காஸ், தண்ணி, இன்டர்நெட், டிவி லைசன்ஸ் எல்லாம் உங்கட தலையில. 3,300. விடுமுறைக்கு வாற ஆக்கள் ஜன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு ஹீட்டரும் போடுவினம், அதைத் தடுக்க ஏலாது. காப்புறுதி 500. கவுன்சில் வரியை விட்டு, தொழில் இடங்களுக்கான பிஸினஸ் ரேட்ஸ் எண்ட வரிக்கு மாறினால் கவுன்சில் குப்பை வண்டி சும்மா வராது, வியாபாரக் குப்பைக்குத் தனி ஒப்பந்தம் வேணும், அது ஒரு 500. திருத்த வேலை, உடைஞ்ச சாமான், பழசாப் போன மெத்தை எண்டு 2,000. காஸ் சான்றிதழ், எழுத்தில வைச்சிருக்க வேண்டிய தீ அபாய மதிப்பீடு, சின்னச் சின்னச் சில்லறை 600.

எல்லாம் கழிய மிஞ்சுறது 10,130. மோர்ட்கேஜ் வட்டி 9,075. கையில 1,055.

பட்ஸிக்கு வாங்கோ. 12,600 இல ஏஜென்டுக்கு வாட்டோட 12 வீதம் 1,512. காப்புறுதி 250, சான்றிதழுகள் 150, திருத்த வேலை 1,000, ரெண்டு கிழமை வெறுமையாக் கிடக்கும் எண்டு 500. மிஞ்சுறது 9,188. வட்டி 8,250. கையில 938.

15,400 பவுண்ட் வித்தியாசம் எண்டு தெரிஞ்சது கடைசியில 117 பவுண்டில வந்து நிக்குது. வரி இன்னும் எடுக்கேல்ல.

உங்கட வீட்டுக்கு இந்த எண்ணுகள் கொஞ்சம் அங்கால இங்கால போகலாம். ஆனால் எந்தப் பக்கம் கூடப் போகும் எண்டதுதான் கவனிக்க வேண்டிய விசயம். 28,000 எண்டது எல்லாம் ஒழுங்கா நடந்தால் வாற எண். முதல் வருசம் உங்கட வீட்டுக்கு ஒரு விமர்சனமும் இராது, விலையைக் குறைச்சுத்தான் ஆக்களைப் பிடிக்கவேணும். அப்பவும் நிரம்புற இரவுகள் 10 வீதம் குறைஞ்சால் 2,800 போகும். கமிஷனிலயும் துப்புரவிலயும் 1,097 மிஞ்சும், மற்ற 1,703 உங்கட பையில இருந்துதான் போகும். அந்த 1,055 அழிஞ்சு, மேல 648 கையால போடவேணும். விட்பியில ஓகஸ்ட் மாசம் ரெகாட்டா எண்ட படகுப் போட்டி, வருசத்தில ரெண்டு தரம் கறுப்பு உடுப்புக்காரர் கூடுற கொத் வீக்கெண்ட், பள்ளிக்கூட விடுமுறை, இதுக்கெல்லாம் இடம் கிடையாது. ஜனவரி நடுவில அதே வளவில எல்லாச் சாவிப் பெட்டியும் பூட்டினபடி கிடக்கும். வட்டிக்கு ஜனவரி தெரியாது.

இன்னொண்டு, தளபாடம். கட்டில், சோபா, கோப்பை பீங்கான், திரைச்சீலை எண்டு ரெண்டறை வீட்டுக்கு 12,000 வைக்காமல் வடிவா அமைக்க ஏலாது. மேல சொன்ன கணக்கில அது இல்லை.

வேலையைப் பற்றியும் சொல்லவேணும், ஏனெண்டால் அதை ஒருத்தரும் விளம்பரத்தில போடுறேல்ல. சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு ஒரு குடும்பம் போகும், பின்னேரம் நாலுக்கு அடுத்தது வரும். இடையில கூட்டித் துடைக்கிறது சின்ன வேலை. மெத்தை உறையைத் தூக்கிக் கறை பாக்கவேணும், ஒவ்வொரு அலுமாரியும் திறந்து கோப்பை எண்ணவேணும், சாவிப் பெட்டி இலக்கம் மாத்தவேணும். கடற்கரையால வாற பிள்ளையள் காலோட மணலைக் கொண்டு வருவினம். ஷவர் தட்டின்ர வடிகால் மூடியைக் கழட்டி, உள்ளுக்க விரலை விட்டு அந்த மணலை வழிச்செடுக்காட்டி, கொஞ்சக் கிழமையில தண்ணி தேங்கி நிக்கும். அந்த நேரம் குளிக்கிற ஆள் எழுதுற விமர்சனத்தில நாலு நட்சத்திரம்தான் இருக்கும். அடுத்த மாசப் பதிவு குறையும். வருமானம் எங்கயோ ஒரு செயலியில முடிவாகிறதில்லை, அந்த மூடிக்கு அடியிலதான் முடிவாகுது.

என்னோட வேலை செய்யிற பிள்ளை மிடில்ஸ்பரோவில இருந்து எக்ஸ்93 பஸ்ஸில வருவா. விட்பியில பிறந்து வளந்தவ. அங்க வாடகைக்கு வீடு தேடித் தேடிக் கிடைக்காமல் வெளியில போனவ. 2022 ஜூனில விட்பி ஆக்கள் வாக்கெடுப்பு வைச்சு, புதுசாக் கட்டுற வீடுகள் நிரந்தரமாக் குடியிருக்கிறவைக்கு மட்டும் போகவேணும் எண்டு பெரும்பான்மையாச் சொன்னவை. சட்டமா அதுக்கு வலு இல்லை, ஆனால் ஊர் மனசு எங்க இருக்கெண்டு அதில விளங்கும். நானும் அங்க ஒரு காட்டேஜ் வைச்சிருக்கிற ஆள்தான், அதை மறைக்கேல்ல. அதாலதான் சொல்லுறன்: நீங்கள் பாக்காத மூண்டாவது வழி ஒண்டு இருக்கு. விட்பியில வாங்கி, விட்பி ஆக்களுக்கே நீண்டகால வாடகைக்கு விடலாம். ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்.

எதை வாங்கினாலும் அந்தச் சந்து எந்த உயரத்தில இருக்கெண்டு பாருங்கோ. 2013 டிசம்பரில கடல் பொங்கித் துறைமுகப் பக்கம் தண்ணி ஏறின ஊர் அது. காப்புறுதிக்காரர் அதை மறக்கமாட்டினம்.

---

வரிக்கணக்கர்:

மேலே அக்கா போட்ட கணக்குக்கு வரியைச் சேர்த்துவிடுகிறேன். கணக்கியல்தான் என் தொழில்.

ஹாலிடே லெட்டுக்கென்று இருந்த தனி வரிச் சலுகை 2025 ஏப்ரல் 6 முதல் கிடையாது. பழைய கட்டுரைகளையும் வீடியோக்களையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முன்பு வட்டியை முழுதாகச் செலவில் கழிக்க முடிந்தது, தளபாடத்துக்கு மூலதனக் கழிவு கிடைத்தது, விற்கும்போது தகுதி இருந்தால் 10 சதவீத வரியோடு முடிந்தது, அந்த வருமானத்தைக் காட்டி ஓய்வூதியத்தில் போடவும் முடிந்தது. இப்போது எல்லாம் சாதாரண வாடகை வீட்டைப் போலத்தான். வட்டிக்கு 20 சதவீத வரிக்குறைப்பு மட்டும். முதல்முறை வாங்கும் தளபாடத்துக்கு எதுவும் இல்லை, பிறகு மாற்றும்போதுதான் கழிவு. விற்றால் லாபத்துக்கு நீங்கள் 24 சதவீத வரி கட்ட வேண்டும்.

உங்கள் ஒருவர் பெயரில் வாங்கினால்:

விட்பி: 10,130-க்கு 40 சதவீதம் 4,052. வட்டிக்கான குறைப்பு 1,815. கட்ட வேண்டிய வரி 2,237. கையில் இருந்ததோ 1,055. ஆக வருஷத்துக்கு 1,182 உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும்.

பட்ஸி: 9,188-க்கு 3,675. குறைப்பு 1,650. வரி 2,025. 1,087 கையிலிருந்து போகும்.

இரண்டுமே நஷ்டம். 2027 ஏப்ரல் முதல் வீட்டு வருமானத்துக்குத் தனி விகிதம், 22, 42, 47 சதவீதம் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் வீட்டில் உண்மையான பதில் மனைவியின் பெயரில் இருக்கிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் 12,570 வரை வரி இல்லை, எந்த வீட்டை வாங்கினாலும் அதன் லாபம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் வருமானவரித் துறை பாதிப்பாதி என்றுதான் எடுக்கும். அவர் பங்கு அதிகம் என்று காட்ட வேண்டுமானால், உண்மையிலேயே பங்கு அப்படி இருக்க வேண்டும், அதற்குப் பத்திரம் வேண்டும், படிவம் 17 அனுப்ப வேண்டும். இதை வாங்கும்போதே வக்கீலிடமும் மார்ட்கேஜ் கொடுப்பவரிடமும் பேசிவிடுங்கள். வாங்கிய பிறகு மாற்றுவது தலைவலி.

முத்திரை வரி இரண்டுக்கும் ஒன்றே: இரண்டாவது வீடு என்பதால் 5 சதவீதக் கூடுதலோடு 220,000-க்கு 12,900.

ஹாலிடே லெட்டை பிஸினஸ் ரேட்ஸில் சேர்க்க, வருஷத்தில் 140 இரவு விடத் தயாராக இருக்க வேண்டும், 70 இரவு உண்மையில் விட்டிருக்க வேண்டும். அந்த வரிக்காக வீட்டுக்குப் போடும் மதிப்பு (வாங்கும் விலை அல்ல) 12,000-க்கு மேல் போகாமல், உங்களுக்கு வேறு தொழில் இடமும் இல்லை என்றால் சிறுதொழில் சலுகையில் அது பூஜ்யமாகும். 70 எட்டவில்லை என்றால் கவுன்சில் வரிக்குத் திரும்புவீர்கள். நார்த் யார்க்‌ஷயர் கவுன்சில் 2025 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு இரட்டிப்பு வாங்குகிறது. சிலர் வேல்ஸ் மலிவு என்று போகிறார்கள். அங்கே 70 இல்லை, 182 இரவு.

இன்னொரு கேள்வி, பலர் கேட்க மறப்பது: உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ வாட் பதிவோடு தொழில் ஏதாவது இருக்கிறதா? ஹாலிடே லெட் வருமானத்துக்கு வாட் உண்டு, நீண்டகால வாடகைக்குக் கிடையாது. வீடு யார் பெயரில் வருகிறதோ அவர் ஏற்கெனவே பதிவு செய்தவர் என்றால், வருஷ விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால்தான் வாட் என்ற வரம்பெல்லாம் பொருந்தாது, முதல் விருந்தாளியிலிருந்தே வாட் வரும்.

---

தேம்ஸ்தெற்கு:

லண்டன்காரன். கேள்வி விட்பி பற்றி என்றாலும், இதைப் படித்துவிட்டு யாராவது ஃப்ளாட் பக்கம் போகலாம் என்பதால் எழுதுகிறேன். ஃப்ளாட்டின் நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தில், அதாவது லீஸில், “தனிப்பட்ட குடியிருப்பாக மட்டும்” என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இரவுக்கணக்கில் விடுவது லீஸை மீறுவதாகும் என்று 2016-இல் மேல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. லண்டனில் கவுன்சில் அனுமதி இல்லாமல் வருஷத்துக்கு 90 இரவுக்கு மேல் விடவும் முடியாது. நான் ஃப்ளாட்டை ஒரு நர்ஸ் தம்பதிக்கு விட்டிருக்கிறேன். மாதம் முதல் தேதி பணம் வருகிறது, பாய்லர் பழுது என்றால் மட்டும் போன் வருகிறது. எனக்கு அது போதும்.

---

லீட்ஸ்வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா, உங்கள் கணக்கை மனைவியிடம் காட்டினேன், “நான் சொன்னேன்ல” என்றாள். வாட் பதிவு எங்கள் இருவருக்குமே இல்லை.

இரண்டு சந்தேகம். நிறுவனத்தை விட்டுவிட்டு நாங்களே நடத்தினால் அந்த 6,720 மிஞ்சாதா? லீட்ஸிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேர ஓட்டம்தான். இன்னொன்று, கோடையில் ஹாலிடே லெட், அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு மாத வாடகை என்று பிரித்து விட்டால் ஜனவரிப் பிரச்சினையும் தீருமே?

---

கிழக்குக்கரை:

முதல் கேள்வி. முழுசா மிஞ்சாது. ஆக்களைப் பிடிக்க ஏதாவது தளத்தில போடத்தான் வேணும். கட்டணம் 15 வீதம் அளவில எண்டு வைச்சால் 4,200. மிச்சம் 2,520. அந்தக் காசுக்கு நீங்கள் செய்யிற வேலையைப் பாருங்கோ: இரவு பதினொண்டுக்கு “வைஃபை வேலை செய்யேல்ல” எண்டு வாற செய்திக்குப் பதில், கிழமைக்குக் கிழமை விலை மாத்திறது, கிளீனர் சுகமில்லை எண்டால் வேற ஆள் தேடுறது. நான் முக்கால் மணித்தியாலத்தில போயிடுவன். அதாலதான் எனக்கு அது கட்டுது. லீட்ஸில இருந்து பைப் உடைஞ்சதுக்கு ஓட ஏலாது, அங்க ஒரு ஆளைச் சாவியோட வைச்சிருக்கவேணும், அவருக்கும் குடுக்கவேணும். ஹொலிடே லெட்டில வாடகை வீட்டைவிடக் கூட வாற காசு எண்டு ஒண்டு இருந்தால், அது பெரும்பாலும் அந்த வேலைக்கான கூலி. வேலையை வேற ஆள் செய்தால் கூலியும் அவருக்குத்தான். அந்தக் கூலி உங்களுக்கு வேணும், வேலையும் பிடிக்கும் எண்டால் செய்யுங்கோ, நான் விரும்பித்தான் செய்யிறன். ஆனால் பிள்ளை சின்னன் எண்டுறீங்கள், அதை யோசியுங்கோ.

ரெண்டாவது. குளிர்காலத்துக்கு மட்டும் விடுறது முந்தி கனபேர் செய்தவை. விடுமுறை வீட்டைப் பருவமில்லாத மாசங்களில விட்டால் திருப்பி எடுக்கச் சட்டத்திலயே ஒரு காரணம் இருந்தது. 2025 அக்டோபர் 27 இல நிறைவேறின வாடகையாளர் உரிமைச் சட்டத்தில அந்தக் காரணத்தை எடுத்திட்டினம். 2026 மே 1 முதல், காரணம் சொல்லாமல் எழுப்ப விட்ட பிரிவு 21 உம் இல்லை, ஆறு மாத ஒப்பந்தம் எண்ட கதையும் இல்லை. குடியிருக்கிறவர் ரெண்டு மாத அறிவித்தலோட எப்பவும் போகலாம், நீங்கள் காரணம் இல்லாமல் எழுப்ப ஏலாது. மார்ச்சில போறன் எண்டவர் போகாட்டி ஓகஸ்ட் பதிவெல்லாம் திருப்பிக் குடுக்கிற நிலைமை வரும். அதைவிட அந்தக் குடும்பத்தைக் கோடைக்கு வெளியில போ எண்டு சொல்லுற வேலையே எனக்குப் பிடிக்கேல்ல.

நீண்டகாலத்துக்கு விடேக்கயும் இந்தச் சட்டத்தைத் தெரிஞ்சு வைச்சிருங்கோ. விக்கவேணும் எண்டு சொல்லி முதல் பன்னிரண்டு மாசத்துக்குள்ள வீட்டைத் திருப்பி எடுக்க ஏலாது, நாலு மாத அறிவித்தலும் குடுக்கவேணும். அப்பிடிச் சொல்லி எடுத்த வீட்டை பன்னிரண்டு மாசத்துக்குத் திரும்ப விடவும் ஏலாது, விடுமுறை ஆக்களுக்கும் ஏலாது. வாடகை நிலுவை மூண்டு மாசம் ஆனால்தான் கட்டாயமா எழுப்பிற காரணம் வரும், உங்கட கணக்கில அது 3,150. அந்தளவு காசு ஒதுக்கி வைக்காமல் இறங்காதேங்கோ. வாறவையின்ர வேலை, முந்தின வீட்டுக்காரர் சொல்லுறது எல்லாம் நேரில விசாரியுங்கோ. ஹல்லில இருக்கிற குடும்பத்தை நான் வீட்டுக்கே வரச்சொல்லி, ஒரு மணித்தியாலம் கதைச்சுப்போட்டுத்தான் விட்டனான்.

இன்னும் விட்பி ஆசை போகேல்ல எண்டால், அந்த நிறுவனத்திட்ட ரெண்டு விசயம் எழுத்தில கேளுங்கோ. அதே தெருவில அவை நடத்திற ரெண்டறை காட்டேஜ் ரெண்டு, போன வருசம் மாசம் மாசமா எத்தினை இரவு நிரம்பினது. அந்தச் சொந்தக்காரரின்ர வங்கிக்குப் போன காசு எவ்வளவு, விருந்தாளி கட்டினது வேண்டாம். தரமாட்டம் எண்டால் அந்த 28,000 ஐ அழிச்சுப்போட்டு 22,000 போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்யுங்கோ. காட்டேஜுக்குக் கார் நிப்பாட்ட இடம் இருக்கோ எண்டும் கேளுங்கோ, அந்தப் பக்கத்தில அதுக்காகவே பதிவை விடுற ஆக்கள் கனக்க.